மேல் சர்வரிலிருந்து கீழ் சர்வருக்கு

நவம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்டது எல்லாம் ஈரம். தீபாவளி வெடிக் காகிதம் வாசல் சாக்கடையை அடைத்துக்கொண்டது, அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள்.

வேலை: ரிசப்ஷன் கேசட்டுக்கு டைட்டில் (மாப்பிள்ளை பேரில் பிழை, மூன்றாவது தடவை). டேப் அலமாரி ஒழுங்கு பண்ண.

பதினொரு மணிக்குப் போன். அண்ணா ஒரு கல்யாண வேலையாக மண்டபத்தில். அம்மா சாக்கடையில். எட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தேன்.

உசிலம்பட்டிப் பெண், செல்வராணி. ஆவணியில் நாங்கள் வீடியோ எடுத்த கல்யாணம். மாப்பிள்ளை உடனே சவுதி போய்விட்டதால் யாரும் கேசட்டை அவசரப்படுத்தவில்லை. அண்ணாவும் கிடப்பில் போட்டுவிட்டான்.

"எங்கப்பா செத்துப்போனாரு. தீபாவளிக்கு மொத நாளு."

போன் ஒயரை விரலில் சுற்றினேன்.

"ஹலோ? இருக்கீகளா?"

"ம்."

"ஒரு போட்டாவுலயும் அவரு மூஞ்சி இல்ல. எல்லாத்துலயும் முதுகக் காட்டிக்கிட்டு பந்திக்கு ஓடிட்டு இருக்காரு. தாரை வாக்கும்போது மட்டுந்தான் ஒரு எடத்துல உக்காந்தாரு. வீடியோவுல இருக்கும்ல? அது மட்டும் போதும். இருவத்தாறு வெள்ளிக்கெழம கருமாதி, அன்னைக்கு வீட்டுல போடணும்."

"இருக்கும்" என்றேன். வைத்துவிட்டேன்.

அலமாரியில் அவள் கல்யாண டேப்பில் உசிலை 1 இருக்கிறது. உசிலை 3 இருக்கிறது. இரண்டு இல்லை. தாலி கட்டு, தாரை வார்ப்பு எல்லாம் இரண்டில்தான்.

மதியம் ரசம், அப்பளம். சாப்பிட்டேன்.

நவம்பர் 16, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

ஆயுத பூஜை அன்று அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கேமரா, லைட், கீபோர்டு, சர்வர், அலமாரியில் இருந்த டேப் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். மறுநாள் நான் ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் காய்ந்தால் சும்மா போகாது. அழுத்தித் துடைத்தேன். அண்ணா ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்த பேர்களும் சேர்ந்து போயின. பதினோரு டேப். ஒன்பதைக் கேமராவில் ஓட்டிப் பார்த்துத் திரும்பப் பேர் எழுதினேன். அதற்குள் கேமராவைக் கேமராக்காரர் முத்தையா அண்ணன் ஷூட்டிங்குக்கு எடுத்துப் போய்விட்டார். பாக்கி இரண்டு. அண்ணாவைக் கேட்டிருக்கலாம். அவன் ஹாலில் இருந்தான். ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டிக்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய், அவர்கள் முன்னால் கேட்கணும்.

பேர் இல்லாதது காலி டேப்தான் என்று காலி டேப் டப்பாவில் போட்டேன்.

அந்த டப்பாவிலிருந்துதான் போன மாசக் கடைசியில் ஒரு காதுகுத்துக்கு டேப் போனது. உசிலை 2 மேலேயே அதை எடுத்திருக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. கால் மரத்துப்போன மாதிரி, ஆனால் மரத்தது கால் இல்லை.

ஒரே வழி மேல் சர்வர். (எங்கள் வீட்டில் சர்வர் என்றால் டிஸ்க் நிறைய உள்ள கம்ப்யூட்டர், டேப்பில் எடுத்ததை ஏற்றி வைக்க. பழையது மாடி அறையில், மே.ச. தீபாவளிக்கு வாங்கியது ஹாலில், கீ.ச. பேர் அண்ணா வைத்தது.) மே.ச.வில் உசிலை 2 முன்பே ஏற்றியிருந்தது. பார்த்தேன், இருக்கிறது. ஒரு மணி நேர டேப், நாலு துண்டாக. கடைசித் துண்டு குட்டி.

கீழே அனுப்பிப் பார்த்தேன். ஹப் (இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டி) வழியாக. நாலு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும் என்று காட்டியது. பன்னிரண்டாவது நிமிடம் டிஸ்க்கிலிருந்து டக், டக், டக். நீலத் திரை. கீழே வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை.

அம்மா பெல் அடித்துச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

நவம்பர் 17, புதன்

வெயில். ரொம்ப நாளைக்குப் பிறகு.

மு.அ. (முத்தையா அண்ணன்) காலையில் வந்தார். கீழக்குயில்குடியிலிருந்து மொபெட்டில் வருவார். எங்களுக்கு ஆறு வருடமாகக் கேமரா அவர்தான். காதுகுத்து டேப்பை ஏற்ற வேண்டும் என்று கேமராவில் போட்டார். குழந்தை வீறிட்டு அழுகிறது, மாமன் மடியில். தாண்டி ஓட்டினார். காதுகுத்து முடிந்த இடத்தில், கோடு கோடாகப் போய், சட்டென்று உசிலம்பட்டி மண்டபம். செல்வராணி எல்லார் காலிலும் விழுந்துகொண்டிருக்கிறாள். கடைசி மூன்று நிமிடம். அவ்வளவுதான் மிச்சம்.

"யாத்தே!" என்றார். டேப்பை நிறுத்தினார். "அம்புட்டும் போச்சே. மூர்த்த டேப்பு மேலயே எடுத்துட்டேனே, கண்ணு அவிஞ்ச பய."

தான் பார்க்காமல் எடுத்த தப்பு என்று நினைத்துக்கொண்டார். அண்ணா வந்ததும் அவரே போய்ச் சொன்னார்.

அண்ணா கத்தினான். "கேமராவத் தோள்ல வச்சாப் போதுமாண்ணே? ஓட்டிப் பாத்துட்டு எடுக்கிறதில்ல? அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"தப்புதான் தம்பி."

"தை பொறக்கட்டும், வேற ஆளப் பாத்துக்கிறேன். நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

"சரி தம்பி."

நான் காபி டம்ளரோடு நின்றேன். டம்ளர் சுட்டது. கீழே வைக்கவில்லை.

பிறகு அண்ணா மே.ச.வைப் பற்றிப் பேசினான். அதில் இரண்டு டிஸ்க்கை ஒன்றாக்கி ஓட்டுகிறோம். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்காது. சூடானால் நின்றுவிடும். "ஹப்பு வழியா நாலு மணி நேரம் தாங்காது. ரெண்டையும் நேராக் கட்டணும். புதுசுல வேகமான நெட்வொர்க் கார்டு கூடவே வருது, பழசுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டா பத்து நிமிஷத்துல மொத்தமும் எறங்கிடும்."

அவனுக்கு நாளையிலிருந்து மேலூரில் தொடர்ந்து முகூர்த்தம், கேமராவை அவனே பிடிக்கப் போகிறான். "நீ பண்ணுடி. உனக்கு கேபிள் நுனியில கிளிப் அடிக்கத் தெரியும்ல?"

தலையாட்டினேன்.

நவம்பர் 18, வியாழன்

டவுன்ஹால் ரோடு. மு.அ. மொபெட்டில் கூட்டிப் போனார். "கார்டு வாங்கிக் குடுத்துட்டுப் போறேன், நம்ம பண்ணுன பாவம்ல" என்றார் வழியில். என் முகம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நல்லதாகப் போயிற்று.

வாங்க:
1. 1000 வேகக் கார்டு – 1
2. கேபிள் – 15 மீட்டர், எட்டுக் கம்பியும் முழுசாக
3. கிளிப் – 10 (வீணாகும்)
4. அம்மாவுக்கு ஹேர்பின்

சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினேன். "நூறு கார்டு போதாதா பாப்பா? வீட்டுக்குத்தான? ஆயிரம் என்னத்துக்கு, விமானம் விடப்போறியா?" சீட்டில் 1000 என்பதைத் தொட்டுக் காட்டினேன்.

"பாப்பா பேசாதாண்ணே?"

"பேசும் மாப்ள. ஒன்கிட்டப் பேச என்ன இருக்குன்னு பாக்குது."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மு.அ.வும்தான். நேற்றுத் திட்டு வாங்கியதற்கு அப்புறம் இப்போதுதான் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லக்கூட எனக்கு வராது. பத்தாவதில் மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதம் போகவில்லை. உடம்பு சரியான பிறகும் போகவில்லை. வீட்டில் யாரும் போ என்று சொல்லவில்லை. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஹேர்பின் வாங்க மறந்துவிட்டது.

நவம்பர் 19, வெள்ளி

தூறல். விட்டு விட்டு.

கார்டு மாட்டியாச்சு. மே.ச. மூடியைத் திறந்தால் ஒரு பல்லி முட்டை, உடைந்தது. தூசி. டிஸ்க் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆன் செய்தேன், அது வீணாக ஓடக்கூடாது. கம்ப்யூட்டர் எழும்புவது வேறு சின்ன டிஸ்க்கில்.

முதலில் பழைய கேபிளிலேயே நேராகக் கட்டிப் பார்த்தேன். 100 என்றுதான் காட்டியது. ஏன் என்று கிளிப்பை வெட்டிப் பார்த்தால் எட்டுக் கம்பியில் நாலுதான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மீதி நாலும் அம்மாவின் பெல்லுக்கு. கீழே சமையலறையில் சுவிட்ச், மேலே மணி. தனி ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு அண்ணா செய்த வேலை. வேகமான கார்டுக்கு எட்டும் வேண்டும்.

சுவரில் பதித்த குழாயில் ஒரு கேபிள்தான் நுழையும். பழையதை உருவ வேண்டும், முதலில் மணியைக் கழற்றினேன்.

அம்மா வீட்டில் நாங்கள் பேசும் பாஷையில் ஆரம்பித்தாள். தமிழில் எழுதினால் பாதிதான் வரும். "மணியைப் பிடுங்கிட்டியா? இனிமே ஒவ்வொரு வேளையும் நான் மாடியேறி வந்து வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? என் முட்டி என்ன இரும்பா?"

"ஒரு வாரம்மா."

"ஒரு வாரமும் பட்டினி கிட."

புதுக் கேபிளைப் பழையதன் வாலில் கட்டி இழுத்தேன். பாதியில் சிக்கியது. தேங்காய் எண்ணெய் தடவினேன். வந்தது.

கிளிப்பில் வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு பக்கமும் இதே.

நகம் கிழிந்தது. ரத்தம் கொஞ்சம். வலி அப்புறமாக வந்தது.

நவம்பர் 20, சனி

பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. அரிசி புடைத்தேன். எதிர்வீட்டில் ஒருத்தர் கரண்ட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு மிக்ஸி ஓடவில்லையாம்.

2.10க்கு வந்தது. ஆன் செய்தால் மறுபடியும் 100. கேபிள் புதிது, கார்டு புதிது. மேல் பக்கக் கிளிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பழுப்பு வெள்ளை கடைசி வரை போகவில்லை, ஒரு அரிசி மூக்கு அளவுக்குக் குறைவு. வெட்டிவிட்டுப் புதுக் கிளிப். அதுவும் வீண். சரியாக விழுந்தது மூன்றாவது.

இரண்டுக்கும் முகவரி எண்: மேலே 192.168.5.1. கீழே 192.168.5.2. கையால் அடித்தேன். 

திரையின் ஓரத்தில் 1.0 Gbps. ஆயிரம்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஹப் இல்லை, வேறு கம்ப்யூட்டர் இல்லை. மேலிருந்து கீழே, ஒரே கயிறு. சின்ன டிஸ்க்கில் இருந்த பழைய ரிசப்ஷன் ஃபைல் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். ஹப்பில் இருபது நிமிடம் ஆவது. மாடிப்படி இறங்கி வருவதற்குள் கீழே இருந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. பெல் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 21, ஞாயிறு

நல்ல குளிர்ச்சி. டிஸ்க்குக்கு நல்லது.

மு.அ. வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, அண்ணா வீட்டில் இல்லை. "எறங்குதான்னு பாத்துட்டுப் போறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எந்தத் துண்டை முதலில் எடுப்பது? டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. மு.அ. கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். மாலை மாற்றும்போது டேப் போட்டது. அப்புறம் ஐயர் மந்திரம். "அப்பறம் அந்த மனுசனப் புடிச்சு உக்கார வச்சாக. இருவது நிமிசம் இருக்கும். தாலி முப்பத்தஞ்சு நாப்பதுக்கு மேல." ஒரு துண்டு பதினெட்டு நிமிடம், அதாவது அப்பா இரண்டாவது துண்டில். தாலி மூன்றாவதில்.

அண்ணா மேலூர் மண்டபத்திலிருந்து போன் செய்தான். பின்னால் நாதஸ்வரம். "மூணாவத மொதல்ல எடு. தாலி இல்லாம ஒரு கல்யாண கேசட்டா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன செய்ய? தாலிய எடுத்துட்டு மத்தத எடு. கேக்குதா?"

"ம்."

10.20க்கு ஒயரை மாட்டி ஆன். மேஜை ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்தார் மு.அ. நாலு துண்டும் தெரிந்தன.

இரண்டாவதை எடுத்தேன்.

மு.அ. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. வந்துவிட்டது. உடனே மூன்றாவது. பாதிக்கு மேல் போனது. டக். டக், டக், டக். நீலம்.

நிறுத்தி, ஆறவைத்து, மறுபடியும் ஆன். டிஸ்க் தெரியவில்லை. ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும். இல்லை. நாலு மணிக்கு மறுபடியும். இல்லை. சுற்றும் சத்தமே இல்லை.

மு.அ. கீ.ச.வில் இரண்டாவதைத் திறந்தார். அந்த அப்பா இருக்கிறார். பட்டு வேட்டி, முண்டாசு மாதிரி துண்டு, ஒரு பக்கம் எண்ணெய் வழிகிற நெற்றி. முதலில் உட்கார மறுக்கிறார். "சாம்பாரு பத்தலைங்கிறாய்ங்க, நான் போய்..." யாரோ தோளை அமுக்குகிறார்கள். உட்கார்ந்துவிட்டார். செல்வராணியின் கையைக் கீழிருந்து பிடித்துக்கொள்கிறார். தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஐயர் சொன்னதை ஒன்றையும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. கேமரா பக்கம் திரும்பி மு.அ.வைத்தான் அதட்டுகிறார்: "ஏய்யா, அந்த லைட்டக் கொஞ்சம் தள்ளிப் பிடி. புள்ளைக்கு வேக்குது."

பதினெட்டு நிமிடம் முழுசாகப் பார்த்தோம். மு.அ. துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் படத்தில் கோடு ஏதும் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை.

நவம்பர் 22, திங்கள்

மழை. அண்ணா நனைந்து வந்தான்.

"நான் மூணுன்னு சொன்னேன்ல? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்பறம்?"

"அந்தக்கா அப்பாவத்தான் கேட்டாங்க."

தலையைத் துவட்டிக்கொண்டே மு.அ. பேரை இழுத்தான். எல்லாம் அந்த ஆளால் என்றான். தை வரைக்கும் எதற்கு, இந்த வாரத்தோடு அனுப்பிவிடுகிறேன் என்றான்.

அப்போது சொன்னேன். சந்தனம், ஈரத்துணி, பதினோரு டேப், ஹாலில் ஆறு பேர். நாலு வாக்கியம். பேசும்போது அவன் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கரை.

துண்டைக் கொடியில் போட்டான்.

"அஞ்சு நாளா இங்கதான இருந்த?"

"ம்."

"அவருக்கு யார் சொல்றது?"

"நான்."

சாயங்காலம் மு.அ. பேட்டரி எடுக்க வந்தார். வாசலிலேயே சொன்னேன். பரவாயில்லை தாயி என்பார் என்று நினைத்திருந்தேன் போல. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கலம்மா. எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லி அழுதேன். பின்னாடிதான ஒக்காந்து வந்த, அம்புட்டுத் தூரம்? ஒரு வார்த்த?"

காபி வேண்டாம் என்றார். "வாரேன்" என்று சொன்னது அம்மாவிடம்.

நவம்பர் 23, செவ்வாய்

துணி காயவில்லை. சிடியில் ஏற்றியாச்சு, இரண்டு பிரதி. மே.ச.வை மூடிப் பழைய சாமான் பக்கம் வைத்தோம். எழுத வேறில்லை.

நவம்பர் 24, புதன்

செல்வராணி வந்தாள். பஸ்ஸில் தனியாக. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள் இருக்கும். போனில் கேட்டதைவிட மெல்லிய குரல்.

கீ.ச.வில் போட்டுக் காட்டினேன். லைட்டைத் தள்ளச் சொன்ன இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். "பாருங்க, பாருங்க, எம்புட்டு அதட்டல்!" திரும்ப அதையே போடச் சொன்னாள். நாலு தடவை. நாலாவது தடவை சிரிக்கவில்லை.

அம்மா காபி கொடுத்தாள்.

"தாலி கட்டுறது இதுல இல்லியா?"

அண்ணா வாயைத் திறந்தான். மெஷின் கோளாறு என்று சொல்வான் என்று தெரியும். அதற்குள் நான், "இல்லக்கா. நான் டேப்ப அழிச்சுட்டேன். எதை எடுக்கிறதுன்னு வந்தப்ப உங்கப்பாவ எடுத்தேன்."

அவள் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இது போதும். தாலி கட்டுன ஆளு தெனம் போன் பண்ணிட்டுத்தான் இருக்காரு." கொஞ்சம் கழித்து, "ஆனா எங்க அத்தை விடமாட்டாங்க. ஒத்த மகன். அந்தக் கேசட்ட எங்கிட்ட மூணு மாசமாக் கேட்டுட்டு இருக்காங்க. நான் சொன்னா என் வீட்டு ஆளுக தப்பும்பாங்க. அப்பா இல்லாத வீடுன்னு ஆரம்பிப்பாங்க. கருமாதிக்கு எல்லாரும் வர்றாக."

"நான் வந்து சொல்றேன்."

அண்ணா என்னைப் பார்த்தான். அம்மாவும். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

நவம்பர் 25, வியாழன்

என்ன சொல்வது என்று சீட்டில் எழுதினேன். ஏழு வரி. நாலாகக் குறைத்தேன். கிழித்துவிட்டேன். 

ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 26, வெள்ளி

உசிலம்பட்டி டவுன் பஸ், 7.40. அண்ணாவுக்குத் திருமங்கலத்தில் முகூர்த்தம். சிடி பிளேயரை டிவியில் இணைக்க மு.அ. வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால். செக்கானூரணியில் இறங்கி வடை வாங்கி வந்தார், காகிதத்தோடு என் பக்கம் நீட்டினார், முன்னால் போய்விட்டார்.

வீடு நிறைய ஆள். பந்தலில் மழைத் தண்ணீர் தேங்கித் தொங்குகிறது. சாமி கும்பிட்ட பிறகு டிவியைப் போட்டார்கள். திரையில் செல்வராணியின் அப்பா வந்ததும் ஒரு பெண் "எய்யா" என்று கத்தினாள், எல்லாரும் அழுதார்கள். லைட்டைத் தள்ளச் சொன்ன இடத்தில் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

முடிந்தது. திரை கறுப்பு.

முன்வரிசையில் நாற்காலியில் ஒரு அம்மா. வெள்ளைக்கல் மூக்குத்தி. செல்வராணியின் அத்தை என்று கேட்காமலே தெரிந்தது. "எங்க, எம்மகன் தாலி கட்டுறது? அதப் போடுங்க."

செல்வராணி சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். மு.அ. எழுந்தார். "அது வந்துங்கம்மா..."

நான் அவரைத் தாண்டி முன்னால் போனேன். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். தரையில், வாசலில், ஜன்னலில்.

சொன்னேன்.

அந்த அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "கேக்கல. சத்தமாச் சொல்லுத்தா, எல்லாத்துக்கும் கேக்கட்டும்."

டேப்பை அழித்தது நான்தான் என்று மறுபடியும் சொன்னேன், ஜன்னலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.